சாவியை சாவியை

மபூ ஊர்க் கூடத்தில் பதினோரு நாற்காலிகள்,
பதினோரு பௌரான்கள்.
வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல்.
பின்பக்கமாக இடக்கையை நுழைத்தால்
தெரியாதவர் சட்டைக்குள் கை விட்டதுபோல்
ஒரு கூச்சம்.

பத்து நிமிடம் பிந்தி வந்தேன்.
கார்ச் சாவி கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுக்குமுன்
மோராக், வயது இருபத்திரண்டு, மூக்கில் வளையம்,
வார நாட்களில் பல் டாக்டரிடம் வரவேற்பாளர்,
என் விரலிடுக்கில் குச்சியைச் செருகினாள்.
"பேனா மாதிரிப் பிடி.
எதுவும் எழுதிவிடாதே."

ஜிக் என்றால் ஆறு. மூன்றும் மூன்றும்.
ஆறு நழுவாமலிருக்க ஆளுக்கொரு சொல் வேண்டுமாம்.
நண்டுப் படகுக்கார ரோரி தன் படகின் பெயரைச் சொன்னார்.
ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த கணக்காளர்
ஏதோ பலகாரத்தைச் சொல்லி அடித்தார்.
"நீ உன் மொழியில்" என்றாள் மோராக்.

தகிட தகிட என்றிருக்கலாம்.
ஆனால் பாட்டு வகுப்பை மூன்றாம் வாரமே விட்டவள் நான்.
காலையெல்லாம் புலம்பியதுதான் வாயில் வந்தது:

சாவியை சாவியை வைத்தது எங்கே
சாவியை சாவியை வைத்தது எங்கே

கடைசியில் ஒன்று குறைகிறது என்றேன்.
"அது மூச்சு விட" என்றாள்.

குச்சி இரண்டு முறை பறந்து ரோரியின் பூட்ஸில் விழுந்தது.
ஆலையில் ஓடு ஓடாக அழுத்தித் தரம் பார்த்த மணிக்கட்டு
திரும்புவேனா என்றது.
வெளியே அக்டோபர் மழை. தோல் தொய்ந்து
தொப் தொப்பென்று பேசியது.
எல்லோரும் ஹீட்டரைச் சுற்றி நின்று
அப்பளம்போல் வாட்டினோம்.

மதியம் கதை.
புத்தகமில்லை, குறிப்பெடுக்கவும் கூடாது.
கை சும்மா இருந்தால் கதை நிற்காதாம்.
நனைத்த கம்பளித் துணியை மேசையில் வளையமாகப் போட்டு
அடி, இழு, பக்கத்து ஆளுக்குத் தள்ளு.
கம்பளியின் வாடை முகத்தில் ஏற
மோராக் சொன்னாள்:
கடல்நாய் ஒருத்தி கரையேறித் தன் தோலைக் கழற்றி வைத்தாள்.
ஒருவன் அதை எடுத்துப் பெட்டிக்குள் பூட்டினான்.
அவள் அவனுக்கு மனைவியானாள்.
ஏழு வருஷம்.

"உப்பு போட்டானா?"

துணி நின்றது.

"பச்சைத் தோல்" என்றேன். "ஏழு வருஷம். பூட்டின பெட்டி.
நான் நண்டு ஆலையில் இருக்கிறேன், எனக்குத் தெரியும்.
மூன்றாம் நாளே வீடு முழுக்க நாறியிருக்கும்."

ரோரி மெதுவாகச் சொன்னார்:
"அப்படியென்றால் அது இருக்குமிடம் அவளுக்குத் தெரியும்."

யாரும் பேசவில்லை.
மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மீதியை நீ சொல்" என்று மோராக்
துணியை என் பக்கம் தள்ளினாள்.

அடித்துக்கொண்டே சொன்னேன்.
அவள் சாவியைத் தேடவேயில்லை.
கோடாலி அடுப்புப் பக்கத்தில்தான் கிடந்தது,
தினமும் விறகு பிளந்தவளே அவள்தான்.
ஒரு செவ்வாய்க்கிழமை, விறகு பிளந்த கையோடு
பெட்டியையும் பிளந்தாள்.
தோல் சுருங்கியிருந்தது. தோளில் ஏற மறுத்தது.
தண்ணீரில் ஊறட்டும் என்று
இடுப்பளவு கடலில் நெடுநேரம் நின்றாள்.

எப்போது ஆரம்பித்தார்களோ,
மேசையைச் சுற்றி இருபத்திரண்டு கைகள்
அரைகுறைத் தமிழில் அடித்துக்கொண்டிருந்தன:
சாவ்யே சாவ்யே வைத்தெத் எங்கே

"கோடாலி பக்கத்திலேயே இருந்ததென்றால்
ஏன் ஏழு வருஷம்?" என்றார் கணக்காளர்.
கணக்கு அவருக்கு ஒப்பவில்லை.
எனக்கு ஆலையில் ஒன்பது முடிந்தது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

மழை விட்டபோது இருட்டிவிட்டது.
என் பழைய கொரோலா பூட்டியிருந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓட்டுநர் இருக்கையில்,
நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது சாவி.
ரோரி குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தன் டிரக்கின் பின்கதவைத் திறந்தார்.

"கம்பி இருக்கிறது" என்றார்.
"கோடாலியும் இருக்கிறது."